பில் இல்லாத நகை, உடையாத முன்பூட்டு: திருட்டுக்கான காப்பீட்டுத் தொகையை எப்படிப் பெறுவது?

மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். இவரும் மாமியாரும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். குலதெய்வக் கோயில் கும்பிடு என்று வீட்டைப் பூட்டிவிட்டு ஐந்து நாள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பூட்டு உடையவில்லை. வாசல் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்திருந்த மாற்றுச் சாவியைக் காணோம். பீரோவை நெம்பித் திறந்து 20 பவுன் நகை, 40,000 ரூபாய் ரொக்கம், ஒரு லேப்டாப், ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். பின்கட்டு கிரில் கதவில் உள்பக்கமாகப் போட்டிருந்த பூட்டு உடைந்து கீழே கிடந்தது, கொக்கி வளைந்திருந்தது. அந்தப் பூட்டைப் போலீஸார் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

அன்றே புகார் கொடுத்தார். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது, நான்கு நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு எடுத்திருப்பது கணவர் போனில் சொன்ன பிறகுதான் இவருக்குத் தெரியும் என்பதால், நிறுவனத்துக்குத் தகவல் போனது 12ஆம் நாள். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், பில் கேட்டார், போய்விட்டார். மூன்று மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து ஒருவர் போனில், “சாவி போட்டுத் திறந்ததால் இது திருட்டுக் காப்பீட்டில் வராது, நகைக்குப் பில்லும் இல்லை, தகவலும் தாமதம்” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. லேப்டாப்புக்கும் வெள்ளிக்கும் சேர்த்து 58,000 ரூபாய் தருகிறோம், முழுமையான இறுதித் தீர்வாகக் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று அதில் இருக்கிறது.

அவருடைய கேள்விகள்: கையெழுத்துப் போடலாமா? கொழுந்தனார், “தெரிந்த நகைக்கடையில் பில் வாங்கிவிடலாம், 30 பவுன் என்று போடுங்கள்” என்கிறாரே, செய்யலாமா? வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியும் ஒரு பாலிசி கொடுத்ததே, அதிலும் கேட்கலாமா? வழக்கு என்று போனால் வக்கீல் செலவுக்கே பணம் போய்விடாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணத்துக்கு அம்மா போட்ட ஆரமும், நீங்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வளையலும் போன வலி கடிதம் முழுக்கத் தெரிகிறது. “சாவியை வெளியே வைத்தது என் தப்புதானே, எந்த முகத்தோடு பணம் கேட்பது” என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். திருடியவர் வேறொருவர். நீங்கள் வருடாவருடம் பிரீமியம் கட்டியது இப்படி ஒரு நாளுக்காகத்தான். கடிதத்தோடு அனுப்பிய பாலிசி நகலை முழுவதும் படித்தேன். உங்கள் பக்கம் வலு இருக்கிறது, ஒன்றிரண்டு இடத்தில் பலவீனமும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

படிவத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம்

அந்த 58,000 ரூபாய் படிவத்தில் ‘இந்தப் பாலிசியின் கீழ் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கிறது. அதில் கையெழுத்திட்டுவிட்டு நகைக்காக வாதாடுவது கடினம். அதற்காக எல்லாக் கதவும் மூடிவிடும் என்றும் இல்லை. நெருக்கடியிலோ, தவறான தகவலை நம்பியோ கையெழுத்திட்டவர் மேற்கொண்டு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. படிவத்தில் வாங்கிய கையெழுத்தைக் காட்டிப் பாலிசிதாரரின் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2015இல் சுற்றறிக்கை விட்டது. ஆனால் நெருக்கடி இருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். அந்தச் சுமையை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

அதற்குப் பதில், “மறுப்பில்லாத தொகையான 58,000 ரூபாயை, நகைக்கான கோரிக்கையைக் கைவிடாமல், அதற்கான உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு பெற்றுக்கொள்ளத் தயார்” என்று மின்னஞ்சலில் பதில் எழுதுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றாலும், நீங்கள் அப்படிக் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

அதே மின்னஞ்சலில் இன்னும் இரண்டு கேளுங்கள். ஒன்று, நகையை மறுப்பதற்கான காரணம் எழுத்தில், பாலிசியின் எந்தப் பிரிவு, எந்த நிபந்தனை என்ற எண்ணோடு வேண்டும். போனில் சொன்ன மறுப்பை மறுப்பாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுப்புக் கடிதத்தில் எழுதாத காரணத்தைப் பிறகு நுகர்வோர் ஆணையத்தில் வந்து புதிதாகச் சொல்ல நிறுவனத்தால் முடியாது. 2016இலும் 2019இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எனவே அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர்களையே கட்டும். இரண்டாவது, சர்வேயர் அறிக்கையின் நகல். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

காலக்கெடுவும் நினைவிருக்கட்டும். ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை அமர்த்த வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். உங்களை மூன்று மாதம் அலையவிட்டார்கள். தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

‘பூட்டு உடையவில்லை’ என்ற வாதம்

உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டுக்குள் பொருள் களவு போனாலே காப்பீடு வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். பாலிசி அப்படிச் சொல்லவில்லை. வலுக்கட்டாயமான, வன்முறையான முறையில் வளாகத்துக்குள் நுழைந்தோ அல்லது வளாகத்திலிருந்து வெளியேறியோ செய்யப்படும் திருட்டுக்குத்தான் இழப்பீடு. பூட்டு, கதவு, சன்னல், கூரை, சுவர் ஏதாவது ஒன்றில் பலப்பிரயோகத்தின் தடயம் இருக்க வேண்டும். 2004இல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பலப்பிரயோகமே இல்லாத திருட்டுக்கு இந்த வகைப் பாலிசியில் பணம் கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் உள்ள சொற்களை நீதிமன்றம் மாற்றி எழுதாது என்பதே தீர்ப்பு. பீரோவை நெம்பியது மட்டும் போதுமா என்றால், போதாது. பீரோ வீட்டுக்குள் இருக்கும் பொருள்; வளாகத்துக்குள் நுழைவதற்கான தடை ஆகாது.

ஆனால் உங்கள் வீட்டில் பின்கட்டு கிரில் பூட்டு உடைந்திருக்கிறது. முன்வாசல் தெருவைப் பார்த்து இருப்பதால், சாவி போட்டு உள்ளே வந்தவர் மூட்டையோடு பின்பக்கம் வெளியேறியிருக்கிறார் என்று போலீஸாரே உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாலிசியில் நுழைவுக்கு உள்ள அதே இடம் வெளியேற்றத்துக்கும் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் சர்வேயரிடம் சொல்லவே இல்லை. அவரும் முன்கதவைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எஃப்.ஐ.ஆரிலும் ‘முன்கதவை மாற்றுச் சாவியால் திறந்து’ என்று மட்டும்தான் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆரில் இல்லாததை இனி சொல்ல முடியாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. முதல் தகவல் அறிக்கை என்பது விசாரணையைத் தொடங்கி வைக்கும் தாள்தான்; நடந்த எல்லாமே அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. அதன் பிறகு விசாரணை அதிகாரி உங்களிடம் வாக்குமூலம் பதிவு செய்யலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவு அதற்குத்தான். பின்கட்டுப் பூட்டு பற்றிக் கூடுதல் வாக்குமூலம் தர விரும்புவதாக எழுதி, நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், அன்றைக்கே எழுதப்பட்ட தாள்கள். சம்பவ இடத்துக்கு வந்ததும் போலீஸார் பார்வை மகஜரும், அதாவது அங்கே கண்டதைப் பதியும் குறிப்பும், மாதிரி வரைபடமும் தயாரிப்பார்கள். உடைந்த பூட்டை எடுத்துப் போனார்கள் என்றால் கைப்பற்றுதல் மகஜரும் இருக்க வேண்டும். காப்பீட்டுப் பிரச்சினை எதுவும் தலைகாட்டாத நாளில், உங்களுக்கு வேண்டியவர் யாரும் இல்லாமல், அரசு அதிகாரி ஒருவர் எழுதிய ஆவணங்கள் அவை. நீங்கள் பிறகு தயாரிக்கும் எந்தப் பிரமாணப் பத்திரத்தைவிடவும் எடை அதிகம். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்கலாம். கிரில்லைச் சரிசெய்த வெல்டரிடம் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். வேலை பார்த்த அன்று வாங்கவில்லை என்றால், அவர் செய்த வேலையை இன்றைய தேதியிட்டு ஒரு கடிதமாக எழுதித் தரட்டும். பழைய தேதி போட வேண்டாம். உங்கள் மாமியார் அன்று வாட்ஸாப்பில் மகனுக்கு அனுப்பிய படங்களில் அந்தக் கொக்கி தெரிகிறது என்றீர்களே, அந்தப் போனை மாற்றாதீர்கள், படங்களை அழிக்காதீர்கள்.

இனி பலவீனம். நிறுவனத்தின் வழக்கறிஞர் 2004 தீர்ப்பைத்தான் எடுப்பார். பலப்பிரயோகம் திருட்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு கருத்து வருகிறது, எனவே வெளியேறும்போது பூட்டை உடைத்தது கணக்கில் வராது என்பார். என் பார்வையில் அது நிற்காது. அந்த வழக்கில் நுழைவிலும் பலப்பிரயோகம் இல்லை, வெளியேற்றத்திலும் இல்லை. உங்கள் பாலிசியில் ‘அல்லது வெளியேறியோ’ என்று நிறுவனமே அச்சடித்திருக்கிறது. ஒரு நிபந்தனைக்கு இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவும்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தில் நிலைபெற்ற விதி. ஆனாலும் வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்வாதம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அவர்களே உங்கள் கையில் கொடுத்திருக்கும் ஒரு பிடி. லேப்டாப்புக்கும் வெள்ளிக்கும் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாலிசிப்படியான திருட்டு நடந்தது என்று ஏற்காமல் அந்த 58,000 எங்கிருந்து வரும்? ஒரே பீரோ, ஒரே இரவு. லேப்டாப் போனது திருட்டு, நகை போனது திருட்டு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கேள்வியை உங்கள் கடிதத்தில் அப்படியே கேளுங்கள்.

சாவியை வெளியே வைத்ததற்கு வருவோம். ‘நியாயமான முன்னெச்சரிக்கை’ என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கிறது, அதைக் காட்டுவார்கள். நீங்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. முன்னும் பின்னும் பூட்டி, பீரோவையும் பூட்டியிருக்கிறீர்கள். நம் ஊரில் ஆயிரம் வீடுகளில் இருக்கும் பழக்கம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தது. அது சிறு கவனக்குறைவு. ஒப்பந்தத்தையே இல்லாமல் ஆக்கும் பொறுப்பின்மை அல்ல. இதை மறைக்க மட்டும் முயலாதீர்கள். சாவி விஷயத்தை மாற்றிச் சொன்னால், மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பில் இல்லாத நகைக்கு வேறு சான்று

முதலில் கொழுந்தனார் யோசனைக்குப் பதில்: வேண்டவே வேண்டாம். அவர் உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் விளைவு தெரியாமல் சொல்கிறார். பொய் பில் ஒன்று வைத்தால் அந்தப் பொருளுக்கு மட்டும் பணம் போவதில்லை. மோசடிக் கோரிக்கை என்று மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிட நிபந்தனை இடம் கொடுக்கிறது. எஃப்.ஐ.ஆரில் 20 பவுன், கோரிக்கையில் 30 பவுன் என்றால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணைக் கொண்டு கடைக் கணக்கைச் சரிபார்ப்பதும் கடினமில்லை. போலி ஆவணம் குற்றம். நீங்கள் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பில் இல்லை என்பதால் நகையே இல்லை என்று ஆகிவிடாது. கல்யாண நகைக்கு இருபது வருடம் பில்லைப் பத்திரப்படுத்தும் குடும்பம் அபூர்வம். ஆவணம் இல்லை என்ற காரணத்தால் மட்டும் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது, தேவையான ஆவணங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. உங்களிடம் நகைப் பிரிவுக்கென்று தனியாகப் பிரீமியம் வாங்கியபோது பட்டியலோ மதிப்பீட்டுச் சான்றோ கேட்கவில்லை. கேட்காமல் பணம் வாங்கியவர்கள், இழப்பு வந்த பிறகு பில் மட்டுமே சான்று என்பது நியாயமில்லை.

இருந்தாலும் ஏதாவது சான்று காட்டத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது மிகவும் பலமாகப் பட்டது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: “மாமனார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆரத்தையும் நான்கு வளையலையும் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து மீட்டோம்.” அந்த நகைக்கடன் ரசீதில் ஒவ்வொரு உருப்படியும், மொத்த எடையும், கல் நீக்கிய நிகர எடையும், மதிப்பீட்டாளர் கையெழுத்தும் இருக்கும். ரசீது உங்களிடம் இல்லை என்றாலும் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் சான்று தருவார்கள். நகையை எடைபோட்டுப் பார்த்த மூன்றாம் நபரின் பதிவு என்பதால், பில்லுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது இதைத்தான். வங்கியிலோ தனியார் நகைக்கடன் நிறுவனத்திலோ எப்போதாவது வைத்திருந்தால் அதையும் தேடுங்கள்.

மற்றவை: நகைச் சீட்டு அட்டை. பழைய நகையை மாற்றியபோது கொடுத்த எடைச் சீட்டு. கல்யாண ஆல்பத்திலும் வளைகாப்பு வீடியோவிலும் அந்தந்த நகை தெளிவாகத் தெரியும் படங்கள், எந்த நகை எந்தப் படத்தில் என்று எண் போட்டு. சீர்வரிசை எழுதிய நோட்டு. சமீபத்தில் வாங்கிய கம்மலுக்கு, கடையின் கணினியில் உங்கள் போன் எண்ணைச் சொல்லி மறுநகல் பில் கேளுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகை என்றால் ஆறு இலக்க அடையாள எண் இருக்கும். போலீஸாருக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள், நகை எங்காவது சிக்கினால் உங்களுடையது என்று காட்ட உதவும்.

20 பவுனுக்கும் சான்று கிடைக்காமல் போகலாம். கிடைத்த வரைக்கும் தனியாகவும், மீதியைப் பிரமாணப் பத்திரத்தோடு தனியாகவும் பட்டியலிடுங்கள். எல்லாவற்றையும் கலந்து வைத்தால், பலவீனமான உருப்படி பலமானதையும் இழுத்துக்கொண்டு விழும்.

“இவ்வளவு நகை என்று எழுதிக் கொடுத்தால் வருமான வரிக்காரர்கள் வருவார்களே” என்று மாமியார் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். சோதனையின்போதுகூடத் திருமணமான பெண்ணிடம் 500 கிராம் வரை உள்ள நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994ஆம் ஆண்டு முதல் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது. உடலில் போட்டிருந்த 5 பவுனையும் சேர்த்து உங்கள் வீட்டில் இருந்த மொத்தமே 25 பவுன், அதாவது 200 கிராம். அவரை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

தாமதமும் வங்கிப் பாலிசியும்

தாமதம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. போலீஸுக்கு உடனே போய்விட்டு, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. அது வாகனத் திருட்டு வழக்குதான், ஆனால் காரணம் உங்களுக்கும் பொருந்தும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2011 செப்டம்பர் சுற்றறிக்கையும் இதையே சொல்கிறது. நீங்கள் புகார் கொடுத்தது அன்றே என்பதற்கு சி.எஸ்.ஆர். ரசீதில் தேதி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நான்கு நாள் தாமதமானது காவல் நிலையத்தின் தாமதம், உங்களுடையது அல்ல. அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

வங்கி கொடுத்த பாலிசியில் எதிர்பார்ப்பு வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பொதுவான வீட்டுப் பாலிசி அது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றுக்கானது. திருட்டு என்ற சொல் அதில் வருவதைப் பார்த்து நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒரு பேரிடர் நடந்த 7 நாளுக்குள், அதன் விளைவாக நடக்கும் திருட்டுக்குத்தான் அங்கே இடம். சாதாரணக் களவுக்கு அதில் பணம் கிடைக்காது; அதற்குத் தனியாகக் களவுக் காப்பீடு எடுக்க வேண்டும். வீட்டுக்கடனோடு வந்த பாலிசியை நம்பிக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்களும் இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

போன பொருளின் முழு மதிப்பும் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்கள் பாலிசியில் நகைக்கான காப்பீட்டுத் தொகை 9 லட்சம். உங்கள் கணக்குப்படி பவுன் 72,000 என்று வைத்தால், வீட்டில் இருந்த 25 பவுனின் மதிப்பு 18 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள். குறைவாகக் காப்பீடு செய்தால் இழப்பிலும் அதே விகிதத்தில்தான் தருவோம் என்ற நிபந்தனை உங்கள் பாலிசியில் இருக்கிறது. போன 20 பவுனின் மதிப்பு 14 லட்சத்து 40 ஆயிரம். அதில் பாதி, 7 லட்சத்து 20 ஆயிரம். 9 லட்சம் முழுவதுமாக வராது. உடலில் போட்டிருந்த 5 பவுனை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வாதாட இடமிருக்கிறது. எடுபட்டால் தொகை 9 லட்சத்தை எட்டலாம். அதைக் கேளுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். செய்கூலி, சேதாரம் சேருமா என்பது பாலிசியின் மதிப்பீட்டு நிபந்தனையைப் பொறுத்தது. உங்களுடையது சந்தை மதிப்பு என்பதால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ரொக்கம் 40,000 ரூபாய் உங்கள் பாலிசியில் நேரடியாகவே விலக்கப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், அதற்காகச் செலவிடும் சக்தியை நகை மீது வையுங்கள்.

எங்கே, எந்த வரிசையில் போவது

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, மேலே சொன்ன சான்றுகளோடு ஒரே கடிதம். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதிவு செய்யலாம், அழைக்க 155255. ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஓம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. இணையத்திலும் மனு போடலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வரவே கூடாது, நீங்களே பேச வேண்டும். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க முடியும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் மேற்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டத்தின்படி கட்டணம் நீங்கள் கட்டிய பிரீமியத்தைப் பார்த்துத்தான், கேட்கும் தொகையைப் பார்த்து அல்ல. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். திரும்பத் திரும்ப நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்த இரண்டு வருடம் நீண்டுவிடாது. பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: முதலில் ஓம்புட்ஸ்மன். சர்வேயர் பின்கட்டைப் பார்க்காமல் விட்டதும், 58,000 ரூபாயை ஒப்புக்கொண்டுவிட்டு நகையை மறுப்பதும் தாள்களைப் படித்தாலே விளங்கும் விஷயங்கள். பூட்டு உடைந்ததே பொய் என்று நிறுவனம் அடம்பிடித்து, சாட்சிகளை விசாரிக்க வேண்டிய நிலை வந்தால் ஆணையம் பொருத்தமான இடம். அந்தக் கட்டத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதும் நல்லது. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஓம்புட்ஸ்மன் மனுவை ஏற்க மாட்டார், அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்.

‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற போலீஸ் சான்று வரும் வரை பணம் தர முடியாது என்று நிறுவனம் அடுத்து சொல்லக்கூடும். சான்று கேட்டு ஆய்வாளருக்கு இப்போதே மனு கொடுத்து வையுங்கள். அது தாமதமானால், நகை பிறகு கிடைத்தால் அதற்கான உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக உறுதிமொழி எழுதித் தந்து தொகையைக் கேளுங்கள். தொகை வாங்கும் முன்பே நகை பிடிபட்டால் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, நடுவர் நீதிமன்றத்தில் இடைக்காலமாகத் திருப்பித் தரச் சொல்லி மனு போடலாம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. பாலிசி உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. உங்கள் நகைக்கு அதனால் பாதிப்பில்லை. உடன் வசிக்கும் குடும்பத்தாரின் பொருட்களும் அதில் அடங்கும். ஆனால் மனுவில் கையெழுத்திட வேண்டியவர் அவர். குறைதீர் அதிகாரிக்கு எழுதும் கடிதத்தை அவருடைய மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் நேரில் ஆஜராக, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்த அதிகாரப் பத்திரம் ஒன்றை உங்கள் பெயருக்கு அவர் அனுப்பட்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். அவர் அடுத்து ஊருக்கு வருவது பொங்கலுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தூதரகத்தில் நேரம் வாங்கச் சொல்லுங்கள்.